எழுதுகோலால் குடும்பம் காத்த தாய்

பெண்களுக்குப் புத்தி சொல்லும் நூல்கள் எக்காலத்திலும் உண்டு. அவற்றிற் பலவற்றை ஆண்களே எழுதினர். ஆனால், தான் பட்ட பாட்டையே பாடமாக்கி, ஒரு பெண் பிற பெண்களுக்கு எழுதிய அறிவுரை நூல் ஒன்று 1405ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் தோன்றியது. அதை எழுதியவர் கிறிஸ்தீன் த பிசான் அம்மையார். ஐரோப்பாவில் எழுத்தையே சீவனோபாயமாகக் கொண்ட முதற் பெண்மணிகளுள் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார்.

கிறிஸ்தீன் 1364ஆம் ஆண்டளவில் இத்தாலியின் வெனிஸ் நகரிற் பிறந்தார். தந்தை தொம்மாசோ வைத்தியத்திலும் சோதிடத்திலும் வல்லவர். அவருடைய புகழைக் கேள்வியுற்ற பிரான்சு மன்னர் ஐந்தாம் சார்ல்ஸ் அவரைத் தமது அரசவைக்கு அழைத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் குடும்பத்தினரும் பாரிஸ் நகரில் வந்து குடியேறினர். மகளின் அறிவுக்கூர்மையைக் கண்ட தந்தை அவரைப் படிக்கத் தூண்டினார். தாயோ, பெண்பிள்ளைக்கு நூல் நூற்கத் தெரிந்தாற் போதும் என எண்ணினார். ஆகவே, இளமையில் அவர் விரும்பிய அளவு கல்வி அவருக்குக் கிட்டவில்லை.

15 வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் எத்தியேன் அரச நொத்தாரிசாகவும் செயலாளராகவும் கடமையாற்றியவர். பெற்றோர் பார்த்துச் செய்துவைத்த அத்திருமணம் அன்பு நிறைந்ததாக அமைந்தது. மூன்று பிள்ளைகளும் பிறந்தனர். ஆனால், 1380இல் மன்னர் சார்ல்ஸ் மறைந்ததும் தந்தையின் வருமானம் சுருங்கிற்று. சில ஆண்டுகளில் அவரும் நோயுற்று இறந்தார். 1390இல் அரச கருமமாகப் பொவே நகருக்குச் சென்ற கணவரைக் கொள்ளைநோய் பலிகொண்டது. அப்போது கிறிஸ்தீனுக்கு வயது 25.

தெரியாத கணக்கு

பிள்ளைகளையும் வயோதிபத் தாயையும் தம் பராமரிப்பிலிருந்த உறவுப்பெண் ஒருத்தியையும் காக்கும் பாரம் அவர் தலையில் விழுந்தது. சகோதரர் இருவரும் இத்தாலிக்குத் திரும்பிவிட்டனர். கணவருக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கி எவ்வளவு, யாருக்கு என்ன கடன், எந்தச் சொத்து யார் கையில் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. கணவன் தன் பணக் கருமங்களை மனைவிக்குச் சொல்லாமை அக்கால வழக்கம். நல்ல கணவராயிருந்த எத்தியேனும் அதற்கு விலக்காகவில்லை. அந்த அறியாமையைப் பிறர் தமக்கு வாய்ப்பாக்கிக்கொண்டனர். பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கிறிஸ்தீன் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினார். ஒரே காலத்தில் நான்கு நீதிமன்றங்களில் வழக்காட வேண்டியும் நேர்ந்தது. அங்கே காத்து நின்ற வேளைகளில் ஏளனப் பேச்சுக்களையும் சகித்தார். கடன் கேட்கும்போது வெட்கத்தால் முகம் சிவந்தது. எனினும் வறுமையை வெளியிற் காட்டாது, பழைய மேலங்கியைப் பேணி உடுத்தி, தலை நிமிர்ந்து நடந்தார்.

துயரத்தின் நடுவே அவர் மீண்டும் கற்கத் தொடங்கினார். வரலாறு, மெய்யியல், கவிதை என ஒவ்வொன்றாகப் பயின்றார். முதலில் கணவரின் பிரிவைப் பாடினார். பின்னர் பெரிய நூல்களை எழுதினார். எழுதியவற்றை அழகிய பிரதிகளாக்கி அரச குடும்பத்தாருக்கு வழங்கி, அவர்கள் அளித்த சன்மானத்தால் குடும்பத்தை நடத்தினார். 1404இல் பர்கண்டிக் கோமகன் பிலிப், தமது சகோதரரான ஐந்தாம் சார்ல்ஸ் மன்னரின் வரலாற்றை எழுதும் பணியை அவரிடமே ஒப்படைத்தார். பெண்குலத்தை இழிவுபடுத்திய புகழ்பெற்ற காவியம் ஒன்றை 1401, 1402ஆம் ஆண்டுகளில் அவர் துணிந்து கண்டித்தபோது, பாரிஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தராயிருந்த ஜெர்சோன் என்னும் குருவானவரும் அவர் பக்கம் நின்றார்.

அறிவுரை நூல்

1405இல் இரு நூல்கள் எழுந்தன. ஒன்று, அறிவிலும் அறத்திலும் சிறந்த பெண்களைக் கற்கள் போல் அடுக்கிக் கட்டிய கற்பனை நகரொன்றைப் பற்றியது. பெண்பிள்ளைகளையும் ஆண்பிள்ளைகளைப் போலப் பாடசாலைக்கு அனுப்பினால், அவர்களைப் போலவே கற்பார்கள் என்று அதில் வாதிட்டார். மற்றையது, அந்நகரில் வாழத்தக்கவராய்ப் பெண்கள் நடப்பது எப்படி என்று கூறும் அறிவுரை நூல். அரசி முதல் ஏழைப்பெண் வரை, விலைமாதரையும் விடாது, எல்லாருக்கும் அதில் இடமுண்டு.

இளவரசி தன் வருமானத்தை ஐந்து பங்காக்கி, முதற் பங்கைத் தருமத்துக்கு ஒதுக்கவேண்டும். காணியுடைய பிரபுவின் மனைவி, கணவன் போருக்குச் சென்றிருக்கும்போது காணிச் சட்டமும் பயிர்ச்செய்கையும் வரவுசெலவும் அறிந்து நிருவகிக்கவேண்டும். தொழிலாளியின் மனைவி, கணவனின் தொழிலைத் தானும் பயின்று, வேலையாட்களை மேற்பார்வை செய்யவேண்டும். நட்டம் தரும் ஒப்பந்தங்களில் மாட்டாதபடி அவனை எச்சரிக்கவும் வேண்டும். விதவை இயன்றவரை வழக்கைத் தவிர்த்துச் சமாதானமாகத் தீர்க்கட்டும். தவிர்க்க இயலாதாயின் நல்லாலோசனை பெற்று உறுதியாக நிற்கட்டும்.

மனைவி கணவனுக்குப் பணிந்திருக்கவேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. கொடிய கணவனையும் பொறுமையாற் சகிக்கும்படி கூறினார். கொடுமையைச் சகி என்னும் அந்தப் புத்திமதியை இன்று அப்படியே ஏற்பதற்கில்லை; தப்பிச்செல்ல வழியற்றிருந்த காலத்துப் பெண்களுக்குச் சொல்லப்பட்டது அது. ஆனால், இல்லத்தைப் பேணுவது பெண்ணின் கடமை என்றால், அக்கடமைக்குரிய அறிவை அவளுக்கு மறுப்பது அநியாயம் என்று அவர் கண்ட உண்மை இன்றும் பழுதடையவில்லை.

அவருடைய மகள் புவாசி நகரில் சாமிநாதர் சபைக் கன்னியர் மடத்தில் துறவியானார். 1418இல் உள்நாட்டுப் போர் பாரிஸ் நகரைச் சூழ்ந்தபோது கிறிஸ்தீனும் மடமொன்றில் அடைக்கலம் புகுந்து, பதினொரு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். 1429இல் புனித ஜோன் ஒவ் ஆர்க் பெற்ற வெற்றியைப் பாடியதே அவரது கடைசிப் படைப்பாகக் கருதப்படுகிறது. 1430ஆம் ஆண்டளவில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

காணி உறுதி எங்கேயிருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன் என்பதை மனைவி அறியாத இல்லங்கள் இன்றும் உள. அன்புள்ள கணவர்களே, உங்கள் மனைவி அவற்றை உங்கள் மரணச் சடங்குக்குப் பின் அந்நியரிடம் கேட்டு அறியும்படி விடாதீர்கள்.