கள்ளத்தராசை நேராக்கிய ஃபேனி லூ ஹேமர்

அமெரிக்கக் கறுப்பினத்தாரின் வாக்குரிமைப் போராட்டத்தைப் பேசும்போது ஃபேனி லூ ஹேமரின் 1964ஆம் ஆண்டுச் சாட்சியத்தை எல்லோரும் நினைவுகூர்வார்கள். நாம் அதற்கு இருபது ஆண்டுகள் முந்திய ஒரு பருத்திக் களத்திலிருந்து தொடங்க விரும்புகிறோம்.

மிசிசிப்பி மாநிலத்தில் 1917 அக்டோபர் 6ஆம் நாள் பிறந்தவர் ஃபேனி. வாரத்துக்குப் பயிரிட்ட ஏழைப் பெற்றோருக்கு இருபதாவது பிள்ளை, கடைசிப் பிள்ளை. ஆறு வயதில் பருத்தி எடுக்க இறங்கினார். போலியோவால் ஒரு கால் சற்றுத் தாங்கும். பருத்தி வேலை ஓய்ந்த சில மாதங்களில் மட்டுமே பள்ளி. ஆறாம் வகுப்போடு அதுவும் நின்றது. ஒரு முறை குடும்பம் பாடுபட்டுக் கோவேறு கழுதைகளும் மாடுகளும் வாங்கித் தலைநிமிரப் பார்த்தது. யாரோ ஒரு வெள்ளையர் தீவனத் தொட்டியில் விஷம் கலந்துவிட்டார். அத்தோடு மறுபடியும் கடன்.

1944இல் பெர்ரி ஹேமரை மணந்து ரூல்வில் ஊரருகே ஒரு தோட்டத்தில் குடியேறினார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் முதலாளி அவரிடம் எடைக் கணக்கு எழுதும் பொறுப்பைக் கொடுத்தார். பருத்தி எடுத்தவருக்குக் கூலி எடையைப் பொறுத்தது. தோட்டத்துத் தராசோ எப்போதும் முதலாளி பக்கம் சாயும். ஃபேனி தானே ஓர் எடைக்கல்லைக் கொண்டுபோய், முதலாளி கண்ணில் படாத நேரங்களில் அதை மாட்டி நிறுத்து, உழைத்தவருக்கு உரியதை எழுதினார். வேதாகமம் வாசித்தவர்களுக்குக் கள்ளத்தராசு என்ற சொல் தெரியும். ஞாயிறு ஆராதனையில் கேட்டதைத் திங்கட்கிழமை களத்தில் செய்து பார்த்தவர் அவர். பிடிபட்டிருந்தால் வேலை, வீடு இரண்டுமே போயிருக்கும்.

1961இல் சிறு கட்டியை அகற்ற மருத்துவமனைக்குப் போனவருக்கு, அவரைக் கேட்காமலேயே கருப்பையை எடுத்துவிட்டார்கள். ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அங்கே நடந்த கொடுமை இது.

மறு ஆண்டு ஆகஸ்டில் ரூல்வில் தேவாலயத்தில் ஒரு கூட்டம். பிரசங்கம் முடிந்ததும் மாணவர் இயக்கத்தினர் வாக்குரிமை பற்றிப் பேசினார்கள். கறுப்பினத்தார் வாக்காளராகப் பதியலாம் என்பதே 44 வயது ஃபேனிக்கு அன்றுதான் தெரிந்தது. பதியப் போகிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கினார். ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பழைய பேருந்தில் இண்டியனோலாவுக்குப் போனார்கள். மாநில அரசியல் சாசனத்தின் ஒரு பிரிவை விளக்கச் சொல்லி அவரைத் தோற்கடித்தார்கள். திரும்பும் வழியில், பேருந்தின் மஞ்சள் நிறம் அளவுக்கு மீறியது என்று சொல்லி ஓட்டுநருக்கு அபராதம் போட்டது காவல் துறை. பயந்திருந்தவர்களுக்கு நடுவே பக்திப் பாடலை எடுத்துக் கொடுத்தார் ஃபேனி. நம் சபைகளிலும் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓர் அம்மாதான்.

வீடு வந்ததும் முதலாளி காத்திருந்தார். பதிவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். 18 ஆண்டு வாழ்ந்த இடத்தைவிட்டு அன்றிரவே வெளியேறினார். அறுவடை முடியும்வரை கணவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். சில நாள் கழித்து, ஃபேனிக்கு அடைக்கலம் தந்த வீட்டின்மீது 16 குண்டுகள் பாய்ந்தன. அவர் நிற்கவில்லை. 1963 ஜனவரியில் தேர்வில் வென்றார்.

அந்த ஜூனில் பயிற்சி வகுப்பு ஒன்றிலிருந்து திரும்புகையில் வினோனா என்ற ஊரில் கைது செய்யப்பட்டார். சிறையில் கறுப்பினக் கைதிகள் இருவரையே மிரட்டி அவரை அடிக்க வைத்தார்கள் காவலர்கள். சிறுநீரகமும் ஒரு கண்ணும் வாழ்நாள் முழுதும் பாதிக்கப்பட்டன. அதே சிறையில், தண்ணீர் கொண்டுவந்த சிறை அதிகாரியின் மனைவியிடம் வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். எல்லா மனிதரும் ஒரே வழி வந்தவர்கள் என்று சொல்லும் பகுதி அது. அடித்தவர்களை வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழு விடுவித்தது.

1964இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் இதையெல்லாம் சொல்லத் தொடங்கியபோது, தொலைக்காட்சியைத் திசைதிருப்ப அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். சாட்சியம் அன்றிரவே நாடு முழுதும் ஒளிபரப்பானது. சமரசமாகத் தரப்பட்ட இரண்டு இடங்களை ஃபேனியும் தோழர்களும் மறுத்தனர். படித்த தலைவர்கள் பலர் ஏற்கச் சொன்னார்கள். நம் கணிப்பில் ஃபேனியின் பிடிவாதமே சரி. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1968 மாநாட்டில் அவர் பிரதிநிதியாகவே அமர்ந்தார்.

தேவாலயக் கதவைப் போராட்டத்துக்குத் திறக்க அஞ்சிய கறுப்பினப் போதகர்களையும் அவர் விட்டுவைத்ததில்லை. சபையில் பதவி ஏதும் இல்லாத பெண், போதகரை எழுந்து நின்று கேட்டார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வாக்கு கிடைத்தும் வயிறு காய்ந்தது. பதிந்தவர்களுக்குத் தோட்டங்களில் வேலை மறுக்கப்பட்டது. ஃபேனி ஒரு பன்றி வங்கி தொடங்கினார். குடும்பத்துக்கு ஒரு பெண்பன்றி. ஈன்றதும் குட்டிகளில் சிலவற்றை வங்கிக்குத் திருப்பித் தந்தால் அவை அடுத்த குடும்பங்களுக்குப் போகும். வட்டி கிடையாது. பன்றி வளர்ப்பதைச் சொல்லியே நம்மை இழிவுபடுத்தும் ஊர்களில் இருக்கும் நாம் இதை இரண்டு முறை படிக்கலாம். 1969இல் 40 ஏக்கர் வாங்கிக் கூட்டுறவுப் பண்ணை அமைத்தார். பின்பு அது பல நூறு ஏக்கராக விரிந்தது. கீரையும் பீன்சும் விளைந்தன, வீடில்லாதவர்களுக்கு வீடுகள் எழும்பின. ஆனால் வெள்ளமும் வறட்சியும் கடனும் சேர்ந்து சில ஆண்டுகளில் பண்ணையை முடக்கின. நிலத்தின் பெரும்பகுதி கைவிட்டுப் போனது.

புற்றுநோயோடு போராடி 1977 மார்ச் 14 அன்று 59 வயதில் இறந்தபோது அவரிடம் சேமிப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. முன்னாள் அடிமைகள் நிறுவிய மவுண்ட் பேயூ ஊரின் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. ரூல்வில்லில், கூட்டுறவுப் பண்ணைக்கென வாங்கிய நிலத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.