கடலடிக் கம்பிக்கு நாடி பார்த்தவர்

1858-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, அட்லாண்டிக் கடலின் அடியில் போடப்பட்ட தந்திக் கம்பி இரு கரைகளையும் எட்டியது. நியூயார்க் நகரம் விழாக்கோலம் பூண்டது. வாணவேடிக்கையின் அமர்க்களத்தில் நகர மண்டபத்தின் கோபுரமே தீப்பற்றிக் கொண்டது! விக்டோரியா மகாராணியார் அமெரிக்க ஜனாதிபதிக்கு வாழ்த்து அனுப்பினார். மொத்தம் 98 சொற்கள். அவை கடலைக் கடக்க 16 மணி நேரம் பிடித்தது.

சில வாரங்களில் கம்பி ஊமையாகி விட்டது.

அதன் நோய் என்ன என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் வில்லியம் தாம்சன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகம் போற்றிய விஞ்ஞானி.

தாம்சன் 1824-ல் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை கணித ஆசிரியர். மகன் 10 வயதிலேயே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விட்டான். 22-வது வயதில் அங்கேயே பேராசிரியர்! பழைய மது நிலவறை ஒன்றைச் சுத்தம் செய்து, மாணவர்களுக்குச் சோதனைச் சாலை ஆக்கினார். அந்த இருட்டறையில் செம்புக் கம்பிகளைச் சோதித்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும், மின்சாரத்தைக் கடத்துவதில் கம்பிக்குக் கம்பி பெருத்த வித்தியாசம் இருந்தது. சோதிக்காமல் செம்பு வாங்கக் கூடாது என்று வற்புறுத்தினார். அதற்குள் கடலடிக் கம்பியில் பெரும் பகுதி தயாராகி விட்டிருந்தது.

டாக்டரும் பேராசிரியரும்

தந்திக் கம்பெனியின் மின்சார நிபுணர் ஒயிட்ஹவுஸ். தொழிலால் அவர் ஒரு டாக்டர். ஆனால் கம்பிக்கு நாடி பார்க்கத் தெரியாத டாக்டர்! செய்தி மெதுவாகப் போனால் மின் அழுத்தத்தைக் கூட்டு என்பதே அவருடைய வைத்தியம். நீளம் இரு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று தாம்சன் கணக்குப் போட்டுக் காட்டியதை அவர் ஏற்கவில்லை. உடல்நிலையைக் காரணம் காட்டி அவர் கப்பலேறவும் இல்லை. அந்த வேலையும் தாம்சன் தலையில் விழுந்தது. அதையும் அவர் சம்பளம் இல்லாமலே செய்தார்.

அவர் கப்பலில் கொண்டுபோன கருவி மிக எளியது. ஒரு சிறு கண்ணாடி. அதன் முதுகில் ஒட்டிய காந்தத் துண்டுகள். தொங்கவிட ஒரு பட்டு இழை. எல்லாம் சேர்ந்து ஒரு குன்றிமணி எடைதான். சுற்றியுள்ள கம்பிச் சுருளில் இம்மியளவு மின்சாரம் வந்தாலும் கண்ணாடி அசையும். அதில் பட்டுத் திரும்பும் விளக்கொளி, எதிரே உள்ள அளவுகோலில் இடமோ வலமோ நகரும். இதுதான் கண்ணாடி கால்வனாமீட்டர்.

கரை சேர்ந்த கம்பியில் ஒயிட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் அழுத்தத்தைப் பாய்ச்சினார். அவருடைய சொந்தக் கருவி செய்தியை வாங்கத் திணறியது. தாம்சனின் கருவியில் வாங்கிய செய்திகளைத் தம் கருவி வாங்கியதாகக் காட்டிக் கொண்டார். குட்டு வெளிப்பட்டு, வேலையும் போயிற்று. கம்பியின் காப்புறை தயாரிப்பிலேயே குறைபட்டது என்பது உண்மை. ஒயிட்ஹவுஸ் ஒருவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமல்ல. ஆனால் சாகக் கிடந்த நோயாளியை அடித்து எழுப்பப் பார்த்தவர் அவர்தான்.

அந்தச் சில வாரங்களிலும் ஓர் ஆதாயம் உண்டு. இந்தியாவில் கலகத்தை அடக்குவதற்காக, கனடாவிலிருந்து கிளம்ப இருந்த இரண்டு படைப் பிரிவுகளை நிறுத்தும்படி லண்டனிலிருந்து தந்தி பறந்தது. பிரிட்டிஷ் சர்க்காருக்கு 50,000 பவுன் மிச்சம்!

பழுது எத்தனையாவது மைலில்?

கடலுக்கடியில் பழுதான இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு மைல் கம்பியின் மின்தடை இவ்வளவு என்று முன்பே அளந்து வைத்திருந்தால், பழுதான இடம் வரையுள்ள தடையைக் கரையிலிருந்தே அளந்து, வகுத்துப் பார்க்கலாம். ஆனால் பழுதும் ஒரு தடையாகிக் கணக்கைக் குழப்பும். ஆகவே இரு முனைகளிலிருந்தும் அளக்க வேண்டும். அளப்பதற்கோ பொதுவான படி கிடையாது; பட்டறைக்கு ஒரு கணக்கு. தாம்சனின் தூண்டுதலால் 1861-ல் ஒரு விஞ்ஞானக் குழு இதற்காக அமைந்தது. இன்று ரேடியோ பழுது பார்ப்பவர்கள் சொல்லும் 'ஓம்' நிலைபெற்றது அந்த முயற்சியால்தான்.

1865-ல் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற ராட்சதக் கப்பல் புதிய கம்பியுடன் புறப்பட்டது. கப்பலின் ஆட்டமும் இரும்பும் கருவியைக் கெடுக்காதிருக்க, தாம்சன் அதை இரும்புக் கூட்டில் அடைத்து, இழையின் இரு நுனிகளையும் கட்டி வைத்திருந்தார். 84-வது மைலில் ஒளிப்புள்ளி தாறுமாறாக ஓடியது. சுமார் 10 மைல் கம்பியைத் திரும்ப இழுத்துப் பார்த்தால், 2 அங்குல இரும்புக் கம்பித் துண்டு ஒன்று காப்புறையைத் துளைத்து நின்றது! பழுதை நீக்கிப் பயணம் தொடர்ந்தது. ஆனால் ஆகஸ்டு 2-ந் தேதி நடுக்கடலில் கம்பி அறுந்தது.

மறு ஆண்டு ஜூலை 27-ந் தேதி வெற்றி. அறுந்துபோன பழைய கம்பியையும் மீட்டு முடித்தார்கள். லாட்டிமர் கிளார்க் என்ற பொறியியலார் இரண்டு கம்பிகளையும் அக்கரையில் சேர்த்துக் கட்டச் செய்தார். தையல்காரர் விரலில் மாட்டும் வெள்ளிக் கூடு ஒன்றில் சில துளி அமிலமும் துத்தநாகத் துண்டும் போட்டு, அதையே பாட்டரியாக்கினார். அந்த மின்சாரம் அட்லாண்டிக்கைப் போய்வந்து, தாம்சனின் கண்ணாடியை அசைத்தது!

அந்த ஆண்டே தாம்சனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1892-ல் பிரபு ஆனபோது, பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரைச் சூடிக் கொண்டார். 53 ஆண்டுகள் வகித்த பேராசிரியர் பதவியிலிருந்து 1899-ல் விலகினார். 1907-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நியூட்டனின் சமாதிக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.