கழட்டி மாட்டிய நாயுடு

கொட்டிவாக்கம் ரூம்ல உட்கார்ந்து தெர்மாகோலும் ஃபெவிக்விக்குமா ஃபைனல் இயர் மாடல் ஒட்டிட்டு இருக்கீங்களா? ரெண்டு நிமிஷம் ஜி.டி.நாயுடு கதையைக் கேளுங்க.

1893-ல் கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரலை. ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியோட ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் ஆசை பிடிச்சுக்கிச்சு. கோவையில் ஓட்டல் சர்வரா வேலை பார்த்து, காசு சேர்த்து வண்டியை வாங்கினார். வாங்கினதும் ஊர் சுத்தலை, நட்டு நட்டா கழட்டிப் போட்டுட்டார்! மெக்கானிக் ஆனது அப்படித்தான்.

1920-ல் பொள்ளாச்சி–பழனி பஸ் விட்டார், டிரைவரும் அவரே. அப்புறம் மின் மோட்டார், ஷேவிங் ரேசர், ஓட்டுப் பதிவு மெஷின்னு வரிசையா வந்தது. 1945-ல் கோவையில் இன்ஜினியரிங் காலேஜ் தொடங்க உதவினவர், படிப்புக்கு நாலு வருஷம் தேவையே இல்லைன்னு சொல்லி விலகிட்டார். (நம்ம எச்ஓடி கண்ணுல இது படாம இருக்கட்டும்.)

1952-ல் ரெண்டு பேர் போற பெட்ரோல் கார் செஞ்சார். விலை வெறும் 2,000 ரூபாய். தயாரிக்க அரசு லைசென்ஸ் தரலை. மாடல் ஓடுதான்னுதான் ரிவ்யூல நம்மைக் கேட்கிறாங்க. நாயுடு மாட்டிக்கிட்டது அதுக்கு அடுத்த படியில்.

1974-ல் மறைந்தார். கோவை போனா அவினாசி ரோட்டில் அவர் பேர்ல இருக்கிற மியூசியத்தை ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.