பேசக் கற்பித்த ஆசான்: அலெக்சாண்டர் கிரகாம் பெல்

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று வினவினால், எமது பள்ளியின் சிறுவகுப்பு மாணவரும் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று விடையளிப்பர். அவருடைய தொழில் யாது என்று வினவினால் பெரியோரும் சற்றுத் தயங்குவர். விஞ்ஞானி என்பர் சிலர்; பொறியியலாளர் என்பர் வேறு சிலர். உண்மையில் அவர் ஓர் ஆசிரியர். செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குப் பேசவும் வாசிக்கவும் கற்பித்தவர். தொலைபேசியால் உலகப் புகழ் எய்திய பின்னரும் அவ்வாறு அறியப்படுவதையே அவர் விரும்பினார். பிள்ளைகளுக்கு மொழி கற்பிப்பதற்கெனக் கூடியுள்ள நாம் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது. அதிலே பின்பற்றத்தக்கனவும் உண்டு, தவிர்க்கத்தக்கதும் உண்டு.

பேச்சே தொழிலான குடும்பம்

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோவிற் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் சொல்வன்மை கற்பிக்கும் ஆசிரியர்கள். திக்கிப் பேசுதல் முதலிய குறைகளைத் திருத்துவதும் அவர்தம் பணியாக இருந்தது.

தாயார் எலைசாவுக்குக் காது நன்கு கேளாது. குழல் ஒன்றைக் காதில் வைத்தே அவர் பிறர் பேச்சைக் கேட்பார். ஆயினும் பியானோ வாசிப்பதில் வல்லவர். மைந்தனுக்கும் அக்கலையைக் கற்பித்தார். சிறுவன் பெல் தாயுடன் பேசும்போது அக்குழலை நாடுவதில்லை. தாயின் நெற்றிக்கு அருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலிற் பேசுவான். குரலின் அதிர்வைக் கொண்டே தாய் விளங்கிக்கொள்வார். காதுக்கு எட்டாத பேச்சை வேறு புலன்களின் வழியாகவும் ஊட்டலாம் என்ற எண்ணத்தின் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது.

தந்தையார் மெல்வில் பெல், கட்புலப் பேச்சு எனத் தக்க ஒரு குறியீட்டு முறையை வகுத்து 1867ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஓர் ஒலி பிறக்கும்போது நா, இதழ், தொண்டை ஆகியன எந்நிலையில் நிற்கின்றன என்பதை ஒவ்வொரு குறியும் காட்டும். தமிழருக்கு இவ்வெண்ணம் புதியதன்று. எழுத்துகள் எவ்வெவ்வுறுப்புகளின் முயற்சியாற் பிறக்கின்றன என்பதைக் கூறுவதற்குத் தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே உண்டு. தொல்காப்பியர் சூத்திரமாகச் சொன்னதைப் போன்றவொன்றை மெல்வில் பெல் கண்ணுக்குத் தெரியும் குறிகளாக்கினார். அவர் தம் முறையை மேடையில் விளக்கும்போது மைந்தர்களை அறைக்கு வெளியே அனுப்பிவிடுவார். அவையோர் விரும்பிய ஒலியை எழுப்புவர். அவர் அதனைக் குறிகளால் எழுதுவார். மைந்தர்கள் உள்ளே வந்து, தாம் கேளாத அவ்வொலியைக் குறிகளைப் பார்த்தே பிழையின்றி எழுப்பிக் காட்டுவர்.

இளமையிற் பெல்லும் தமையனும் சேர்ந்து பேசும் பொறி ஒன்றையும் செய்தனர். ஒருவர் தொண்டையையும் மற்றவர் வாயையும் நாவையும் அமைத்தனர். காற்றை ஊதி இதழ்களை அசைத்தபோது, அது குழந்தை தாயை அழைப்பது போன்று ஒலித்தது. எங்கோ ஒரு குழந்தை அழுகிறது என்று அயலவர் எண்ணினராம். விளையாட்டாகச் செய்த இவ்வேலையால் மனிதப் பேச்சுறுப்புகளின் இயல்பைப் பெல் நன்கு அறிந்துகொண்டார்.

ஆசிரியப் பணி

1868ஆம் ஆண்டில் இலண்டனின் கென்சிங்ரன் பகுதியிலிருந்த ஒரு சிறிய பள்ளியில், செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குத் தந்தையின் முறையாற் பேச்சுக் கற்பிக்கும் பணியைப் பெல் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21.

அக்காலத்திற் குடும்பத்தைத் துயரம் சூழ்ந்தது. 1867இல் தம்பியும் 1870இல் தமையனும் காசநோயால் இறந்தனர். எஞ்சிய மைந்தனையேனும் காக்க வேண்டும் என்று எண்ணிய பெற்றோர், 1870இல் ஊரையும் உறவையும் விட்டுக் கனடாவுக்குப் பெயர்ந்து, ஒன்ராறியோ மாகாணத்தின் பிரான்ட்போர்ட் நகருக்கு அருகே குடியேறினர். அங்கே உடல் தேறிய பெல், அயலில் வாழ்ந்த மோஹாக் என்னும் முதற்குடி மக்களின் மொழியைக் கற்று அதன் சொற்களைத் தந்தையின் குறிகளால் எழுதினார். அம்மக்கள் அவரைத் தம் கௌரவத் தலைவருள் ஒருவராக ஏற்றனர்.

1871இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் செவிப்புலனற்றோர் பள்ளியொன்றின் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க அழைக்கப்பட்டார். 1873இல் பொஸ்ரன் பல்கலைக்கழகத்திற் பேச்சுறுப்பியல் பேராசிரியரானார்.

பொம்மை வேண்டிய சிறுவன்

பெல்லின் கற்பித்தற் சிறப்பை அறிய ஒரு மாணவனின் கதையே போதும். 1872ஆம் ஆண்டில் ஜோர்ஜ் சாண்டர்ஸ் என்னும் ஐந்து வயதுச் சிறுவன் அவரிடம் ஒப்படைக்கப்பட்டான். பிறவியிலேயே செவிப்புலனற்ற அவனுக்கு ஒரு சொல்லேனும் தெரியாது.

கேட்கும் குழந்தை எவ்வாறு மொழி பெறுகிறது என்று பெல் சிந்தித்தார். அதற்கு எவரும் முதலில் இலக்கணம் கற்பிப்பதில்லை. நாள் முழுவதும் சொற்கள் அதன் காதில் விழுகின்றன. தனக்கு வேண்டியதைப் பெறுவதற்காக அது சொல்லைப் பற்றிக்கொள்கிறது. காதில் விழாத சொற்கள் இச்சிறுவனின் கண்ணில் விழட்டும் என்று பெல் முடிவு செய்தார். விளையாட்டுப் பொருட்களின் பெயர்களை அட்டைகளில் எழுதினார். அவ்வட்டைகளைச் செருகி வைக்கச் சுவரில் ஒரு தாங்கியை அமைத்தார். எப்பொருளுக்கு எந்த அட்டை என்பதைச் சிறுவன் விளையாட்டாகவே பழகினான்.

ஒருநாள் அவனுக்குப் பொம்மை வேண்டியிருந்தது. தனக்கு வழக்கமான சைகையாற் கேட்டான். பெல்லுக்கு அது நன்றாகவே விளங்கியது. ஆனால் விளங்காதவர் போன்று நடித்தார். குதிரைப் பொம்மையை எடுத்துக் கொடுத்தார். சிறுவன் மறுத்தான். வேறொன்றைக் காட்டினார், அதுவும் அன்று. ஆசிரியரின் அறியாமையைக் கண்டு சிறுவன் திகைத்தான். இறுதியில் அட்டைத் தாங்கியிடம் சென்று, சிறிது சிந்தித்து, பொம்மை என்ற சொல் எழுதிய அட்டையை உருவி அவரிடம் நீட்டினான். மறுகணமே பொம்மை அவன் கைக்கு வந்தது. ஒரு சொல் ஒரு பொருளைப் பெற்றுத் தரும் என்பதை அவன் அறிந்துகொண்டான்.

பின்னர் சொற்கள் வாக்கியங்களாயின. பெல் ஒரு கையுறையின் மேல் ஆங்கில எழுத்துகளை எழுதிச் சிறுவனை அணியச் செய்தார். எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டால் அது சொல்லாகும். எங்கு சென்றாலும் புத்தகமும் பலகையுமின்றி இருவரும் உரையாட அக்கையுறை வழிசெய்தது. கண்டிப்பும் மனனமும் மிகுந்திருந்த அக்காலத்தில், விளையாட்டையே பாடமாக்கிய இம்முறை புதுமையானது. 1883இல் பெல் இவ்வனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதி ஏனைய ஆசிரியர்களுக்கு அளித்தார்.

தொலைபேசி பிறந்த வழி

1873 முதல் பெல் சேலம் என்னும் ஊரில் ஜோர்ஜின் பாட்டியார் வீட்டிலே தங்கிச் சிறுவனுக்குக் கற்பித்தார். நம் தமிழ்நாட்டுச் சேலமன்று. பொஸ்ரனுக்கு அருகிலுள்ள ஊர். இரவு வேளைகளில் அவ்வீட்டிலேயே மின்சாரத்தையும் ஒலியையும் பற்றி ஆராய்ந்தார். பேச்சொலியின் அலைகளைச் செவிப்புலனற்ற மாணவர் கண்ணாற் காணவேண்டும் என்பதற்காக, 1874இல் மனிதக் காதின் உறுப்புகளைக் கொண்டே ஒரு கருவி அமைத்தார். மெல்லிய செவிப்பறை எலும்புகளை அசைப்பதைக் கண்டபோது, குரலால் அதிரும் ஒரு தகடு மின்னோட்டத்தையும் அசைக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு வலுப்பெற்றது.

ஜோர்ஜின் தந்தையார் ஆராய்ச்சிக்குப் பணம் உதவினார். பெல்லிடம் பேச்சுப் பயின்ற மேபல் ஹபார்ட் என்னும் நங்கையின் தந்தையாரும் உதவினார். 1876ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் திகதி தொலைபேசிக்கான காப்புரிமை கிடைத்தது. மூன்று நாட்களின் பின், அடுத்த அறையிலிருந்த உதவியாளர் வாட்சன் தம்மை அழைக்கும் பெல்லின் குரலைக் கம்பி வழியே கேட்டார். அடுத்த ஆண்டு பெல் மேபலை மணந்தார். ஐந்து வயதிற் காய்ச்சலால் செவிப்புலனை இழந்த மேபல், பிறர் இதழசைவைக் கண்டே பேச்சை விளங்கிக்கொள்வார். தொலைபேசியைக் கண்டவரின் தாயும் மனைவியும் அதிற் பேச்சைக் கேட்க இயலாதவர்கள் என்பது நெஞ்சைத் தொடும் செய்தியாகும்.

புகழும் பொருளும் வந்தபின்னும் அவர் தம் மாணவரை மறக்கவில்லை. 1880இல் பிரெஞ்சு அரசு அளித்த வோல்ட்டா பரிசுப் பணத்தை மூலதனமாகக் கொண்டு ஆய்வுக்கூடம் நிறுவி, அதன் வழி வந்த பொருளைச் செவிப்புலனற்றோர் நலனுக்குச் செலவிட்டார். 1886இல் பார்வையும் செவிப்புலனும் இழந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பெற்றோர் அவரிடம் அழைத்து வந்தனர். அவர் அவளை மடியில் இருத்தித் தம் கைக்கடிகாரமன்று, சட்டைப்பைக் கடிகாரத்தை ஒலிக்கச் செய்து அதன் அதிர்வை உணரச் செய்தார். பொஸ்ரனில் அப்போது இருந்த பேர்க்கின்ஸ் நிறுவனத்தை நாடுமாறு அவர் கூறிய அறிவுரையாலேயே, 1887இல் ஆன் சலிவன் என்னும் ஆசிரியை அச்சிறுமிக்குக் கிடைத்தார். அச்சிறுமியே ஹெலன் கெல்லர். 1903இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலை அவர் பெல்லுக்கே காணிக்கையாக்கினார்.

நல்லவரின் தவறு

இத்துணைச் சிறந்த ஆசிரியர் ஒரு பெருந்தவறும் செய்தார். செவிப்புலனற்றோரின் சைகைமொழியை அவர் நன்கு அறிந்திருந்தும், அது பள்ளிகளில் இடம்பெறலாகாது என்று வாதாடினார். அம்மொழி அவர்களை உலகத்திலிருந்து பிரித்து வைக்கும் என்று அஞ்சினார். 1883இல் அறிஞர் அவையொன்றில் வாசித்த கட்டுரையில், செவிப்புலனற்றோர் தமக்குள்ளே மணம் செய்வதையும், செவிப்புலனற்றவர் ஆசிரியராவதையும் விரும்பத்தகாதன என்று காட்டினார். அவ்வகைத் திருமணங்களால் செவிப்புலனற்றோர் இனமே பெருகும் என்பது அவர் அச்சம். ஆனால் செவிப்புலனற்ற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர்.

அவரை எதிர்த்து நின்றவர் எட்வேர்ட் கலோடெட். வாஷிங்டனில் செவிப்புலனற்றோருக்கான உயர்கல்லூரியின் தலைவர். அவருடைய தாயாரும் செவிப்புலனற்றவரே. பேச்சும் கற்பிக்கலாம், சைகைமொழியும் இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. 1880இல் இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய கல்வி மாநாடு பேச்சுமுறையே சிறந்ததென்று தீர்மானித்திருந்தது. பல நாடுகளின் பள்ளிகளில் சைகைமொழி விலக்கப்பட்டது. கையால் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். செவிப்புலனற்ற ஆசிரியர் பலர் பணியிழந்தனர். 1960இல் ஸ்டோக்கி என்னும் அறிஞர், அமெரிக்கச் சைகைமொழி தனக்கென அமைப்புடைய முழுமையான மொழியே என்று ஆராய்ந்து காட்டினார். 2010இல் வன்கூவரிற் கூடிய அதே வரிசை மாநாடு, மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. அதற்குள் 130 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

ஜோர்ஜின் சைகை விளங்காதவர் போன்று பெல் நடித்தது விளையாட்டு. சிறுவனுக்கு எட்டும் உயரத்தில் அட்டைத் தாங்கி இருந்தது. ஆசிரியரின் முகத்தில் அன்பு இருந்தது. பிற்காலப் பள்ளிகளில் அந்நடிப்பே சட்டமானது. பிள்ளையின் கை பேசுவதை ஒருவரும் பாராதிருந்தனர். அட்டையை நீட்டவும் ஆளில்லை.

1922ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி, கனடாவின் நோவா ஸ்கோசியாவிலுள்ள தம் இல்லத்திற் பெல் காலமானார். தம்மைப் பிரியவேண்டாம் என்று மனைவி வேண்டியபோது, பேசும் வலுவிழந்த அவர் விரல்களின் அசைவாலேயே விடையளித்தார் என்று கூறுவர். அவரை அடக்கம் செய்த வேளையில் வட அமெரிக்கத் தொலைபேசிகள் யாவும் ஒரு நிமிடம் மௌனமாயின.

நாம் பெறும் பாடம்

வேண்டிய ஒன்றைப் பெற்றுத் தரும் மொழியைப் பிள்ளை விரும்பிக் கற்கும். ஒரு மொழியைப் பறித்து மற்றொன்றைக் கொடுக்க முனைந்தால் பிள்ளை இரண்டிலும் இடர்ப்படும். பெல்லின் வாழ்வு இவ்விரண்டையும் எமக்குக் காட்டுகிறது.

பெற்றோரே, வீட்டிலே உப்பு, சீனி, அகப்பை, கதிரை, அலுமாரி ஆகியவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளை விரலாற் சுட்டும் பொருளை உடனே எடுத்துக் கொடாது, சொல் வரும்வரை முகமலர்ச்சியோடு சிறிது காத்திருங்கள். வராவிடின் நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளை வெறுங்கையோடு திரும்பலாகாது. ல, ள, ழ ஆகியவற்றைக் கண்ணாடி முன் ஒலித்து, நாநுனி எங்கே செல்கிறது என்று பார்க்கச் செய்யுங்கள்.

பிள்ளை பேசத் தாமதித்தால், வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று அயலவர் சிலர் அறிவுரை கூறக்கூடும். இருமொழி வழங்குவதாற் பேச்சுக்குறை உண்டாவதில்லை என்பதைப் பேச்சுச் சிகிச்சைத் துறையினர் இன்று ஏற்றுக்கொண்டுள்ளனர். அஞ்சாது தகுதி வாய்ந்த சிகிச்சையாளரை நாடுங்கள். தமிழையும் தொடர்ந்து பேசுங்கள். அவ்வாறே, பிள்ளை இந்நாட்டு மொழியில் ஏதேனும் சொன்னால் நாமும் சினந்து முகம் திருப்பலாகாது. அதனைக் கேட்டு, அதற்குரிய தமிழ்ச் சொல்லை அன்போடு எடுத்துக் கொடுப்பதே ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய பணியாகும்.

மாணவச் செல்வங்களே, அடுத்த முறை தொலைபேசியில் ஊரிலுள்ள பாட்டியுடன் பேசும்போது, அக்கருவி ஒரு மொழியாசிரியரின் வீட்டிலே பிறந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பாட்டியுடன் தமிழிலேயே பேசுங்கள்.