வச்சிரபோதியும் சீன எழுத்தும்

செஞ்சியைச் சூழ்ந்த மண்டகப்பட்டு, தளவானூர்க் குடைவரைகளைக் காண்போர்க்குப் பல்லவர்கால எழுத்தே முதற்கண் நினைவுக்கு வரும். அண்மையிலுள்ள பனைமலைக் கோயிலை எடுப்பித்த இராசசிம்மன் காலத்திலேயே, முற்றிலும் வேறான ஓர் எழுத்துமுறையை எதிர்கொண்டவர் பௌத்தத் துறவி வச்சிரபோதி (671–741).

நாலந்தையில் கற்ற இவரைச் சீனத் துறவியர் வரலாறு தென்னாட்டு மலய நாட்டினர் என்கிறது. காஞ்சியின் வறட்சி இவர் வேண்டுதலால் நீங்கியது என்பது புனைவு கலந்த செய்தியாகலாம். இலங்கை, ஸ்ரீவிசயம் வழியே 719இல் குவாங்சௌ துறையை அடைந்து, மறு ஆண்டு தலைநகர் புகுந்தார்.

மந்திரத்துக்கு ஒலியே உயிர். சீனத்திலோ ஓரெழுத்து ஓரசை; அதற்குப் பொருளும் உண்டு; மெய்யைத் தனித்துக் காட்டும் புள்ளி இல்லை. தமிழ் 'வஜ்ர' என்பதை 'வச்சிரம்' எனத் தன் ஒலிமரபுக்கு இசைவித்துக்கொண்டது. தாங் காலத் தாந்திரிக மொழிபெயர்ப்பாளரோ அதை மூன்றெழுத்தாக்கி, இறுதி இரண்டையும் இணைத்து ஒலிக்க எனக் குறிப்பெழுதினர். பொருளை விடுத்து ஒலியை மட்டும் கொள்க என்றற்கு, வாயின் உருவிலிருந்து பிறந்த உறுப்பைச் சில எழுத்துகளின் பக்கத்தில் சேர்த்தனர். இவர் பெயர் மட்டும் ஒலியால் அன்றிப் பொருளால் 'சின்காங்சி' (வயிர அறிவு) ஆயிற்று.

723ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் மூலம் இவருடையது. வாய்மொழியாகச் சீனத்தில் பெயர்த்தவர் ஒருவர், எழுதியவர் மற்றொருவர். ஆகவே அந்நூல்களின் சீன நடையை இவர் ஒருவர்க்கே உரித்தாக்குதல் பொருந்தாது.

741இல் தாயகம் திரும்ப இசைவு பெற்றும், வழியில் லோயாங்கில் நோயுற்று மறைந்தார். மாணவர் அமோகவச்சிரர் இலங்கை சென்று, மேலும் சுவடிகளுடன் 746இல் சீனம் மீண்டார்.