ராக் இசை ஏன் பின்னுக்குப் போனது? கர்ட் கோபேனின் வாழ்க்கையில் இருக்கு பாதி விடை

கறுப்பு டி-ஷர்ட். அதில் மஞ்சள் நிறத்தில் சிரித்த முகம். கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பெருக்கல் குறிகள். எம்ஆர்டியிலோ கடைத்தொகுதியிலோ கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். உங்கள் அலமாரியிலேயே ஒன்று இருக்கலாம்.

அது ஏதோ துணிக்கடையின் சின்னம் இல்லை. 'நிர்வானா' என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் சின்னம். அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்து 30 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

இன்று உங்கள் பிளேலிஸ்ட்டில் ராப்பும் பாப்பும்தான் அதிகம், இல்லையா? ராக் இருந்தாலும் பெரும்பாலும் அப்பா, அம்மா காலத்துப் பாட்டாகத்தான் இருக்கும். ஏன் இப்படி ஆனது? கர்ட்டின் கதையிலிருந்து தொடங்குவோம்.

யார் இந்த கர்ட் கோபேன்?

1967 பிப்ரவரி 20ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள அபர்டீன் என்ற சிற்றூரில் பிறந்தார். மரம் வெட்டும் தொழிலை நம்பியிருந்த ஊர் அது. மழை அதிகம், வேலை குறைவு.

கர்ட்டுக்கு 9 வயது இருந்தபோது பெற்றோர் பிரிந்தார்கள். அப்பா வீடு, அம்மா வீடு, உறவினர் வீடு, நண்பர் வீடு என்று மாறி மாறித் தங்கினார். எந்த வீட்டிலும் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை.

14ஆவது பிறந்தநாளுக்கு சைக்கிள் வேண்டுமா, கிட்டார் வேண்டுமா என்று மாமா ஒருவர் கேட்டார். கிட்டாரைத் தேர்ந்தெடுத்தார் கர்ட். இடது கையால் வாசிப்பவர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை அவர் முடிக்கவில்லை. சில காலம் துப்புரவு வேலை பார்த்தார்.

606 டாலரில் ஓர் ஆல்பம்

1987இல் நண்பர் கிறிஸ்ட் நோவோசெலிச்சுடன் சேர்ந்து இசைக்குழு தொடங்கினார். முதல் ஆல்பம் 'பிளீச்' 1989இல் வெளிவந்தது. சியாட்டல் நகரத்தின் சின்ன நிறுவனமான 'சப் பாப்' அதை வெளியிட்டது.

ஒலிப்பதிவுக்கு ஆன செலவு எவ்வளவு தெரியுமா? 606 டாலர் 17 சென்ட். ஆல்பத்தின் உறையிலேயே 600 டாலர் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள்.

பெரிய நிறுவனம் பின்னால் இல்லை, ஆடம்பரமும் இல்லை. சியாட்டல் பக்கம் இருந்த பல குழுக்கள் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தன. பங்க் இசையின் முரட்டுத்தனமும் ஹெவி மெட்டலின் கனமும் கலந்த அந்த இசைக்கு 'கிரஞ்ச்' என்று பெயர் வந்தது.

1990இல் டிரம்ஸ் வாசிக்க டேவ் குரோல் சேர்ந்தார். மூன்று பேர் கொண்ட நிர்வானா தயார்.

மைக்கல் ஜாக்சனைக் கீழே இறக்கியவர்கள்

1991 செப்டம்பர் 24ஆம் தேதி இரண்டாவது ஆல்பம் 'நெவர்மைண்ட்' வந்தது. அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் அனுப்பப்பட்டவை சுமார் 46,000 பிரதிகள் மட்டுமே. நிறுவனம் பெரிதாக எதிர்பார்க்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

ஆனால் அதன் முதல் பாட்டான 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' எம்டிவியில் ஓட ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. 1992 ஜனவரியில், மைக்கல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை பில்போர்டு பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது நெவர்மைண்ட். பழைய ஸ்வெட்டர் போட்ட மூன்று பேர், பாப் மன்னரை முந்திவிட்டார்கள்.

அதே ஆண்டில் இன்னொரு மாற்றம்

இந்த விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. எந்த ஆல்பம் எவ்வளவு விற்றது என்று கடைக்காரர்கள் சொல்வதை வைத்துத்தான் பில்போர்டு முன்பு பட்டியல் போட்டது. 1991 மே மாதம் முதல், கடையில் பார்கோடு ஸ்கேன் செய்யப்படும் உண்மையான விற்பனைக் கணக்கை எடுத்துக்கொண்டது.

அடுத்த மாதமே, என்.டபிள்யூ.ஏ என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. ராப் கேட்பவர்கள் முன்பே நிறைய பேர் இருந்தார்கள். கணக்கில்தான் அவர்கள் சரியாகத் தெரியவில்லை.

ஆக, 'நெவர்மைண்ட்' வெளிவந்த அதே ஆண்டில், அதே பட்டியலில், ராக்கை ஒருநாள் முந்தப்போகும் இசையும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. கர்ட்டுக்கு ராப் மீது வெறுப்பெல்லாம் கிடையாது. தமக்குப் பிடித்த 50 ஆல்பங்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தபோது, பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் ஆல்பத்தையும் அதில் சேர்த்திருந்தார்.

புகழுக்குப் பிறகு

1992இல் பாடகி கோர்ட்னி லவ்வைத் திருமணம் செய்துகொண்டார். அந்த ஆண்டே மகள் பிறந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கிடைத்தது போல இருந்தது.

உள்ளே அப்படி இல்லை. பல ஆண்டுகளாகத் தீராத வயிற்றுவலி. மனச்சோர்வு. ஹெராயின் பழக்கம் வேறு. அரங்கம் நிறையக் கூட்டம் வந்தது அவருக்கு நிம்மதியைத் தரவில்லை.

1993 நவம்பரில் நியூயார்க்கில் எம்டிவிக்காக ஒரு நிகழ்ச்சி. வழக்கமான இரைச்சலைக் குறைத்து, நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகப் பாடினார். கத்தலுக்குப் பின்னால் எவ்வளவு நல்ல பாட்டு இருந்தது என்பது அன்று பலருக்குப் புரிந்தது.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1994 ஏப்ரல் 5ஆம் தேதி சியாட்டல் வீட்டில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 27.

27 வயதில் இறந்த இசைக் கலைஞர்களைப் பற்றி இணையத்தில் ஏதோ கவர்ச்சியான கதை போலப் பேசுவார்கள். அதில் கவர்ச்சி எதுவும் இல்லை. நோயும் போதையும் சேர்ந்து ஓர் இளைஞரைப் பறித்துக்கொண்டன. இன்னும் இரண்டு வயது ஆகாத ஒரு குழந்தை அப்பாவை இழந்தது.

அன்றே ராக் முடிந்துவிட்டதா?

இல்லை. டேவ் குரோல் தொடங்கிய ஃபூ ஃபைட்டர்ஸ், கிரீன் டே, லிங்கின் பார்க் என்று பிறகும் பெரிய ராக் குழுக்கள் வந்தன. சரிவு மெதுவாகத்தான் நடந்தது. முக்கியமாக இரண்டு காரணங்கள்.

முதலாவது, கணக்கு மறுபடியும் மாறியது. 2014 டிசம்பர் முதல் பில்போர்டின் ஆல்பம் பட்டியலில் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்தது. பாட்டுகளை 1,500 முறை கேட்டால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம் என்று அப்போது கணக்கிட்டார்கள். ஆல்பத்தை ஒரு தடவை வாங்கி வீட்டில் வைத்துக் கேட்பவரைவிட, ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்பவருக்குப் பட்டியலில் பலம் கூடியது. ராப் ரசிகர்கள் ஸ்ட்ரீமிங்கில் முன்னால் இருந்தார்கள். 2017இல், நீல்சன் கணக்குப்படி அமெரிக்காவில் ஆர்&பி, ஹிப்-ஹாப் பிரிவின் பங்கு 24.5 விழுக்காடு. ராக் 20.8 விழுக்காடு. ராக் பின்னுக்குப் போனது அதுதான் முதல்முறை.

இரண்டாவது, பாட்டு உருவாக்கும் செலவு. ராக் குழுவுக்கு டிரம்ஸ் வேண்டும், ஆம்ப் வேண்டும், பயிற்சிக்கு இடம் வேண்டும், நேரம் ஒத்துவரும் மூன்று நான்கு பேர் வேண்டும். வீவக வீட்டில் டிரம்ஸ் அடித்துப் பாருங்கள், அண்டைவீட்டார் வந்து கதவைத் தட்டிவிடுவார்! ராப்புக்கோ பாப்புக்கோ ஒரு மடிக்கணினியும் மைக்கும் இருந்தால் படுக்கையறையிலேயே வேலை ஆரம்பம்.

606 டாலரில் கர்ட் செய்ததை, அதைவிடக் குறைந்த செலவில் இன்று செய்யமுடிகிறது. அந்த வசதி ராக்கைவிட ராப்புக்கும் பாப்புக்கும்தான் அதிகம் உதவியது.

கர்ட் இப்போது எங்கே இருக்கிறார்?

ராப் பாட்டுகளுக்குள்ளேயே இருக்கிறார். ஜே-ஸீ 2013இல் வெளியிட்ட ஒரு பாட்டிலும், லில் நாஸ் எக்ஸ் 2019இல் வெளியிட்ட 'பனினி' பாட்டிலும், எழுதியவர்கள் பட்டியலில் கர்ட் கோபேனின் பெயர் உண்டு. 2020 ஏப்ரலில், கொவிட் நிதி திரட்ட போஸ்ட் மலோன் வீட்டிலிருந்தே இணையத்தில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். அன்று அவர் வாசித்தவை நிர்வானாவின் பாட்டுகள்.

'டீன் ஸ்பிரிட்' காணொளி 2019இல் யூடியூபில் ஒரு பில்லியன் பார்வைகளைத் தாண்டியது. எம்டிவி நிகழ்ச்சியில் அவர் வாசித்த கிட்டார் 2020இல் 6 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது.

இதில் சந்தோஷப்படவும் இருக்கிறது, யோசிக்கவும் இருக்கிறது. பழைய ராக்கை எல்லாரும் கேட்கிறார்கள். புதிய ராக் குழுவுக்கு அதே இடம் கிடைப்பது கடினம். மடிக்கணினியில் தனியாக நல்ல பாட்டு செய்யலாம், தப்பே இல்லை. ஆனால் நிலையான வீடு இல்லாமல் அலைந்த ஒரு பையனுக்கு, இரண்டு பேர் பக்கத்தில் நின்று வாசித்த அந்த அறைதான் சில ஆண்டுகளுக்கு வீடாக இருந்தது. அதை எந்த மென்பொருளும் தராது.

பள்ளியிலோ சமூக மன்றத்திலோ கிட்டார் வாசிக்கும் நண்பர் யாராவது உங்களைக் கூப்பிட்டால், ஒருமுறை போய்ப் பாருங்கள்.

*மனம் சோர்ந்திருந்தால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பை 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம்.*