வைரசைப் படிகமாக்கிய அறிஞர்

புகையிலைச் செடியைத் தாக்கும் தேமல் நோயை உழவர் பலரும் அறிவர். நோயுற்ற இலையின் சாற்றைப் பாக்டீரியாவும் கடக்க இயலாத பீங்கான் வடிகட்டியில் வடித்தாலும், அச்சாறு நோயைப் பரப்பிற்று. இதனை 1892-ஆம் ஆண்டு உருசிய அறிஞர் இவனோவ்ஸ்கி எடுத்துக்காட்டினார். இந்நோய்க்குக் காரணமான நுண்பொருளே வைரஸ் ஆகும். அதனைச் சாற்றினின்றும் பிரித்துப் படிகமாக்கிய பெருமை வெண்டல் ஸ்டான்லி என்பாரைச் சாரும்.

ஸ்டான்லி 1904-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில், இண்டியானா மாநிலத்து ரிட்ஜ்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் அவ்வூரில் செய்தித்தாள் நடத்தி வந்தனர். கல்லூரியில் பயின்ற காலத்து ஸ்டான்லி கால்பந்தாட்டத்தில் பெருவிருப்புடையராய், அதன் பயிற்சியாளராக எண்ணியிருந்தார். ஒருமுறை இல்லினாய் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, பேராசிரியர் ராஜர் ஆடம்ஸைக் கண்டார். அச்சந்திப்பு அவர் உள்ளத்தை வேதியியலின்பால் திருப்பியது.

பின்னர்ப் பிரின்ஸ்டன் நகரில் இருந்த ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் வைரஸ் ஆய்வை மேற்கொண்டார். நோயுற்ற செடிகளை உறையவைத்து அரைத்துச் சாறு பிழிந்தார். அதில் அம்மோனியம் சல்பேட் என்னும் உப்பைச் சேர்த்தார். உழவர் வயலுக்கு உரமாக இடும் மலிவான உப்பே அது. உப்பு மிகவே, சாற்றில் கரைந்திருந்த புரதம் திரண்டு படிந்தது. அதனை நீரில் கரைப்பதும், மாசு நீக்கி வடிப்பதும், மீண்டும் திரட்டுவதுமாகப் பன்முறை முயன்றார். முடிவில், 1935-ஆம் ஆண்டு ஊசி போன்ற நுண்படிகங்கள் கிடைத்தன. அவற்றில் ஒரு பங்கை நூறு கோடிப் பங்கு நீரில் கரைத்துத் தடவினும் செடி நோயுற்றது. உப்பைப் போலப் படிகமாகும் பொருள் உயிருள்ளது போலப் பெருகுவது கண்டு உலகம் வியந்தது. 1946-ஆம் ஆண்டு, ஸ்டான்லி நோபல் பரிசை வேறிரு அறிஞருடன் பகிர்ந்து பெற்றார்.

ஆயினும், தாம் பெற்றது புரதம் மட்டுமே என அவர் முதலிற் கருதியது பிழையாயிற்று. இங்கிலாந்து நாட்டுப் பாடன், பிரி என்னும் இருவர், அதில் சிறிதளவு நியூக்ளிக் அமிலமும் உண்டென 1936-ஆம் ஆண்டு நிறுவினர். ஸ்டான்லியும் பின்னர் அவ்வுண்மையை ஏற்றார். நோயைப் பரப்பும் ஆற்றல் அச்சிறு பகுதியிலேயே உளது என்பது 1956-ஆம் ஆண்டு புலனாயிற்று. அதனைக் காட்டிய ஆய்வகங்களுள் ஒன்று, ஸ்டான்லியே பெர்க்லி நகரில் நிறுவியதாகும்.

1971-ஆம் ஆண்டு ஸ்டான்லி மறைந்தார். உப்பிட்டுப் புரதத்தைத் திரட்டும் எளிய முறை இன்றும் ஆய்வகங்களிற் பயன்படுகிறது. சாற்றின் மாசை அகற்றியது போலவே, தம் கருத்தின் மாசையும் அகற்ற இசைந்தமையே அவ்வறிஞரிடம் நாம் கற்கத்தக்கது.